கள்ளுக் கலயத்துக்குப் பொன்னாடை போர்த்தலாமா?



கள்ளும் நம் பாரம்பரியமே என்னும் முழக்கம் அண்மைக் காலமாக நம்மவரிடையே வலுத்து வருகின்றது. இது கடல் கடந்து வந்த காற்று. 2025 சூன் திங்களில் தமிழ்நாட்டில் சீமான் பனைமரம் ஏறிக் கள் இறக்கிய காட்சி கைப்பேசி வழியாகக் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வரை வந்து சேர்ந்தது. அங்கே 1987 தொடங்கிக் கள் இறக்கத் தடை இருக்கின்றது. அரசே கடை திறந்து சீமைச் சாராயம் விற்கும்போது மரமேறி இறக்கும் கள்ளுக்கு மட்டும் தடை ஏன் என்று அங்குள்ள உழவர்களும் மரமேறிகளும் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் உண்டு. அந்த வழக்கை அவர்கள் தங்கள் அரசோடு பேசித் தீர்த்துக் கொள்ளட்டும். அதைப் பற்றி எழுத நான் வரவில்லை.

அந்த முழக்கத்தை அப்படியே எடுத்து வந்து நம் தோட்டப்புறத்துக் கள்ளுக்கடைக்கு மாலையாகச் சூட்டுகின்றார்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு படம் பலருக்கும் வந்திருக்கும். ஒரு பக்கம் பிரான்சு நாட்டுச் ஷாம்பெய்ன் வட்டாரத்தின் நிலவறை; வரிசை வரிசையாகப் புட்டிகள். மறுபக்கம் தென்னம்பாளையில் கட்டிய ஒரு கலயம். 'வெள்ளைக்காரன் தன் தோட்டத்து நுரைமதுவை உலகப் பாரம்பரியம் ஆக்கினான். நாமோ நம் தோட்டத்து நுரைமதுவைக் கேவலம் என்று ஒதுக்கினோம்' என்பது கீழே உள்ள வாசகத்தின் சாரம். படித்தவுடன் நெஞ்சு நிமிரத்தான் செய்கின்றது. ஆனால் இரண்டு பக்கமும் 'தோட்டம்' என்ற ஒரே சொல் நிற்பதைப் பார்த்தீர்களா? இந்தப் பெருமித வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கின்றது. அதைச் சற்றே அசைத்துப் பார்ப்போம்.

முதலில் அவர்கள் தோட்டம். ஷாம்பெய்ன் வட்டாரத்துக் குன்றுச்சரிவுகள், வணிக மனைகள், நிலவறைகள் என 14 இடங்கள் சேர்ந்து 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அவற்றுள் ஒன்று ஒவிலே என்னும் சிற்றூர். பெரிஞோன் என்னும் துறவி 1668 முதல் 1715இல் மறையும் வரை அங்கிருந்த மடத்தின் நிலவறைப் பொறுப்பாளராக இருந்தார். நுரைக்கும் மதுவை அவரே கண்டுபிடித்தார் என்றும், முதல் மிடறு பருகியதும் விண்மீன்களைக் குடிப்பதாகக் கூவினார் என்றும் கதை சொல்வார்கள். கதை பிற்காலத்தது. உண்மையில் அவர் காலத்தில் நுரை ஒரு குறை. புட்டியை வெடிக்கச் செய்யும் தொல்லை. அதைத் தவிர்க்கவே அவர் பாடுபட்டார். மதுவில் சர்க்கரை சேர்த்து வேண்டுமென்றே நுரைக்கச் செய்யும் முறையை 1662இலேயே இலண்டனில் எழுதிப் படித்தவர் மெரட் என்னும் ஆங்கில மருத்துவர். தம் பெருமைக்கு ஒரு துறவியை முன்னிறுத்தும் வித்தை நமக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தேன்; அவர்களும் சளைத்தவர்கள் அல்லர்.

ஆயினும் கதையை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அங்கே எஞ்சுவது மிகுதி. 1805இல் கணவனை இழந்த கிளிக்கோ அம்மையார் 27 வயதில் வணிகத்தைக் கையில் எடுத்தார். புட்டியைத் தலைகீழாகச் சாய்த்து, நாள்தோறும் சிறிது திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து நீக்கும் பலகை 1816 அளவில் அவர் மனையில்தான் உருவானது. ரெய்ம்ஸ் நகரின் அடியில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பழங்குழிகள் மதுவின் நிலவறைகள் ஆயின. முதல் உலகப் போரில் அந்நகரம் குண்டுவீச்சில் சிதைந்தபோது மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் அங்கேயே நடந்தது. ஆசிரியன் என்பதால் இந்தச் செய்தி என்னைத் தொடுகின்றது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது 1911. பூச்சித் தாக்குதலாலும் தொடர்ந்த விளைச்சல் குறைவாலும் திராட்சை உழவர்கள் நொடிந்து கிடந்த வேளையில், வணிகர்கள் வேற்றூர்த் திராட்சையை இரயிலில் இறக்கிச் ஷாம்பெய்ன் என்று பெயரிட்டு விற்றனர். உழவர்கள் வண்டிகளைக் கவிழ்த்தனர். அய் என்னும் ஊரில் வணிக மனைகளுக்குத் தீ வைத்தனர். இராணுவம் வந்தது. ஆனால் அந்தக் கலகத்தின் விளைவாகத்தான், எந்த ஊரில் விளைந்தது ஷாம்பெய்ன், எது அன்று என்று எல்லை கட்டும் சட்டம் 1927இல் உறுதிப்பட்டது. 1936இல் பெயருரிமையும் வந்தது. இன்றும் அங்குள்ள திராட்சை நிலத்தின் பெரும்பகுதி அந்த உழவர் குடும்பங்களின் சொத்து. அவர்கள் பாரம்பரியம் என்று சொல்லும்போது அதனுள் நிலப் பட்டா இருக்கின்றது; கலகம் இருக்கின்றது; கலகக்காரன் பெற்ற வெற்றியும் இருக்கின்றது.

இனி நம் தோட்டம்.

தென்னையின் விரியாத பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, பதமாகத் தட்டி, நுனியைச் சீவி, கலயம் மாட்டினால் இனிப்பு நீர் சொட்டும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் அது இனிப்பாகவே நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதி உடனே வேலையைத் தொடங்கிவிடும். மரத்தில் இருந்து இறங்கும்போதே அது நுரைக்கும். அரை நாளில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயச் சத்து ஏறும். மறுநாள் புளிக்கும், பிறகு காடியாகும். ஷாம்பெய்னில் குமிழியிடும் அதே கரிவளிதான் கள்ளிலும் குமிழியிடுகின்றது. இதுவரை ஒப்புமை சரியே.

ஆனால் பிரான்சுக்காரன் அந்த வளியைத் தடித்த கண்ணாடிக்குள் அடைத்து, குறைந்தது 15 திங்கள் நிலவறையில் கிடத்துகின்றான். நாள் ஏற ஏற விலை ஏறுகின்றது. கள்ளை அடைத்து வைக்க இயலாது. காலையில் இறக்கியதை மாலைக்குள் விற்றாக வேண்டும். அன்றாடம் வேலை முடித்து வருகின்ற, வேறெங்கும் போக வழியில்லாத, கையில் காசோ கணக்கில் பற்றோ உள்ள ஒரு கூட்டம் அருகிலேயே இருந்தாக வேண்டும். பால்மரத் தோட்டம் அப்படியொரு கூட்டத்தை லயங்களில் அடைத்து வைத்திருந்தது. அந்தக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான வாடிக்கையாளர் உலகில் வேறெங்கே கிடைப்பர்?

சங்க இலக்கியத்தைக் காட்டி என்னை மடக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. மூங்கிற் குழாயில் ஊற்றி முதிர வைத்த தேறலைப் பத்துப்பாட்டு பேசுகின்றது என்பதும், யவனர் கலங்களில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பருகியதைப் புறநானூறு பேசுகின்றது என்பதும் நானும் வகுப்பில் சொல்வதுதான். அரிக்கமேட்டு அகழாய்வில் அந்த யவன மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அதியமான் தன் கள்ளை ஒளவையாரோடு பகிர்ந்துண்டவன். மறுக்கவில்லை. ஆனால் அதியமான் கள்ளைக் கொடுத்தான், விற்கவில்லை. பாணன் குடித்த கள்ளின் விலை அவன் கூலியில் பிடிக்கப்படவுமில்லை. கொடைக் கள்ளின் புகழைக் கடைக் கள்ளின் கணக்கில் வரவு வைப்பது எந்தக் கணக்கியல் என்று எனக்கு விளங்கவில்லை. 'கள்ளுண்ணாமை' அதிகாரத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று போகிறவனும் அல்லன் நான். குடிப்பது பாவமா இல்லையா என்பதன்று இங்கே வழக்கு. யாருடைய கடை, யாருடைய மரம், யாருடைய காசு என்பதே வழக்கு.

மரம் தோட்டத்துக்குச் சொந்தம், அல்லது உரிமம் எடுத்தவருக்குச் சொந்தம். கடை அரசின் உரிமத்தோடு நடந்தது. தொழிலாளி வெளியே சென்று சம்சு குடித்துக் கெட்டுவிடக் கூடாது என்பது துரைமார் சொன்ன காரணம். மறுநாள் காலைப் பெரட்டுக்கு ஆள் வந்து நிற்க வேண்டும் என்பது சொல்லாத காரணம். கள் விற்ற வருவாயில் ஒரு பங்கு தொழிலாளர் நலன் என்ற பெயரில் கோயில் விழாவுக்கும் பந்து விளையாட்டுக்கும் திரும்பி வந்ததும் உண்டு. தன் வயிற்றிலிருந்து எடுத்த காசில் தனக்கே திருவிழா! அதற்கும் அவன் நன்றி சொன்னான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. அந்தக் கட்டாயத்தின் பேரில் எழுந்த ஓலைக் கொட்டகைகள்தாம் நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறப்பிடம். பள்ளிக்கூடம் வைக்கச் சட்டம் தேவைப்பட்டது. கள்ளுக்கடை வைக்க எந்தச் சட்டமும் எந்தத் துரையையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

என் தந்தையைப் பெற்ற பாட்டி கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில் மரம் வெட்டியவர். கள்ளுக்கடையைப் பற்றி அவர் பேசியபோதெல்லாம் கள்ளின் சுவையைப் பற்றி ஒரு சொல்லும் வந்ததில்லை. சம்பள நாளன்று பெண்கள் பிள்ளைகளைக் கடை வாசலுக்கு அனுப்பிவைப்பார்களாம். அப்பன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாவது பாதிக் காசோடு எழுந்து வருவான் என்று. 'புள்ளைய அனுப்புனா ஒரு வாரத்து அரிசி மிஞ்சும்' என்பார். என் தந்தை அப்படி அனுப்பப்பட்ட பிள்ளை. தகர மங்கில் கள் நுரைத்ததையும், தொட்டுக்கொள்ளக் கருவாடு சுட்ட மணத்தையும் அவர் நன்றாக நினைவு வைத்திருந்தார். அந்த மணம் தமக்குப் பிடித்திருந்தது என்றும் சொன்னார். அதை நான் மறைக்கவில்லை. அங்கே சிரிப்பு இருந்தது, பாட்டு இருந்தது, நாள் முழுதும் குனிந்த முதுகுக்கு ஒரு நாழிகை ஓய்வு இருந்தது. ஓய்வுக்கு வேறு இடமே தரப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மையாகும்.

அண்மையில் ஒரு கூட்டத்தில், பழைய தோட்ட வாழ்க்கையைக் காட்டும் மாதிரிக் காட்சியகம் ஒன்று அமைக்கலாம் என்று பேச்செழுந்தது. லயம், பெரட்டுக் களம், மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை. சுற்றுப்பயணிகள் வந்தால் கள்ளும் ஊற்றலாமாம். விளக்கப் பலகைகளுக்குத் தமிழில் எழுதித் தருமாறு என்னைக் கேட்டனர். கள்ளுக்கடைப் பலகையில் 1941 இடம்பெறுமா என்று கேட்டேன். 'அதெல்லாம் அரசியல், ஐயா. வருகிறவர்கள் மகிழ்ச்சியாக வந்து போகட்டும்' என்றார் ஒருவர். எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன்.

1941இல் என்ன நடந்தது என்று கேட்கும் இளையோருக்காகச் சிறிது விரிவாகவே எழுதுகின்றேன்.

போர்க்காலம். இரப்பருக்கு நல்ல விலை. ஆண் தொழிலாளியின் நாட்கூலியோ ஏறத்தாழ ஐம்பது காசு. சீனத் தொழிலாளிக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் என்ற அமைப்பு தோட்டந்தோறும் ஆள் திரட்டியது. அதன் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன், பத்திரிகைத் தொழிலில் இருந்தவர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி. பெண்களிடம் முறைகேடாக நடக்கும் மேலாட்களை நீக்குதல். பிள்ளைகளுக்குக் கல்வி. மருத்துவ வசதி. உறவினர் தோட்டத்துக்குள் வந்து போக உரிமை. பேசவும் கூடவும் உரிமை. துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல். கள்ளுக்கடைகளை மூடுதல்.

கூலி உயர்வு கேட்ட அதே தாளில், அதே மூச்சில், கள்ளுக்கடையை மூடு என்று கேட்டிருக்கின்றார்கள். கேட்டவர்கள் வெளியிலிருந்து வந்த மதுவிலக்குப் பிரசாரகர்கள் அல்லர். அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள். கூலி ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மிதிவண்டியிலிருந்து இறங்கும் அவமானமும் கள்ளுக்கடையும் அவர்களுக்கு ஒரே சங்கிலியின் இரு கண்ணிகளாகத் தெரிந்தன. இதைப் புரிந்துகொள்ள அவர்களுக்குப் பட்டம் தேவைப்படவில்லை. பட்டம் பெற்ற நமக்குத்தான் இன்று விளங்கவில்லை.

மே 6ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுதும் பரவியது. ஏறத்தாழ 20,000 தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் வந்தது. ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர். அவ்வாண்டின் இறுதியில் சப்பானியர் வந்தனர். எஞ்சியோர் பலரைச் சயாம் மரண இரயில்பாதை விழுங்கியது.

போர் முடிந்ததும் கெடாவில் அதே தீ மீண்டும் மூண்டது. ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்து இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தனர். 1947இல் பீடோங்கில் காவல் துறையினரோடு நடந்த மோதலில் தொழிலாளி ஒருவர் மாண்டார். இயக்கம் அடக்கப்பட்டது. இந்த மறியலுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1921இல் ஈரோட்டில் பெரியாரும் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை வாசலில் நின்றனர். பெரியார் தம் தோப்பிலிருந்த ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். மரம் என்ன பாவம் செய்தது என்று எனக்கு இன்றும் தோன்றும். பாளையைக் கட்டாமல் விட்டிருந்தால் தேங்காயாவது கிடைத்திருக்குமே. அந்தப் பெரியார் 1929 திசம்பரில் மலாயாவுக்கு வந்தபோது அவர் பேச்சைக் கேட்டவர்களும், அவர்கள் சொல்லக் கேட்டவர்களும் நம் தோட்டங்களில் இருந்தனர் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இப்போது சொல்லுங்கள். ஷாம்பெய்ன் உழவனுக்கு 1911 எப்படியோ, கிள்ளான் தொழிலாளிக்கு 1941 அப்படி. அங்கே கலகம் செய்தவனின் கொடி பாரம்பரியத்தின் மேல் பறக்கின்றது. இங்கே எதை எதிர்த்து அவன் செத்தானோ அதையே அலங்கரித்து வைத்து, அதற்கு அவன் பெயரால் பாரம்பரியம் என்று பலகை மாட்டப் பார்க்கின்றோம். தாத்தாவைக் கட்டிய சங்கிலிக்குப் பொன்முலாம் பூசிப் பேரன் கழுத்தில் போட்டுக்கொள்வதற்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

ஒரு மறுப்புக்கு விடை சொல்லியாக வேண்டும். அது எளிதில் தள்ளத் தக்கதன்று. 'கள்ளுக்கடை மூடியதால்தானே ஐயா சம்சு வந்தது? கள்ளாவது உடம்பை இவ்வளவு கெடுக்காது' என்பர். சம்சு நம் குடும்பங்களைச் சூறையாடியதை நான் என் வகுப்பறையிலேயே பார்த்திருக்கின்றேன். காலை உணவில்லாமல் வரும் பிள்ளையின் முகத்தை ஆசிரியர் எல்லாருக்கும் தெரியும். கள்ளைவிடச் சம்சு கொடியது என்பதும் உண்மையே. ஆனால் சம்சு கள்ளுக்கடையின் பகைவன் என்று எண்ணுவது தவறு; அது கள்ளுக்கடையின் வாரிசு. சாயுங்காலம் என்றால் குடி, துயரம் என்றால் குடி, சம்பளம் என்றால் குடி என்ற பழக்கத்தை மூன்று தலைமுறையாகப் பயிற்றியது எது? தோட்டம் துண்டாடப்பட்டபோது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது, வீடு இழந்து பட்டணத்துப் புறம்போக்கில் குடியேறியபோது, அந்தப் பழக்கத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வந்தோம். கலயம் உடைந்ததால் புட்டியை எடுத்தோம். அவ்வளவே.

தோட்டங்கள் போன கதையும் இதோடு சேர்ந்ததுதான். சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்டு தோட்டத்தின் மேல். பங்சார் என்ற பெயரே பூஞ்சு, கிரிசார் என்ற இரண்டு தோட்ட முதலாளிகளின் பெயர் திரிந்து வந்ததாகச் சொல்வர். கிளன்மேரித் தோட்டம் குழிப்பந்துத் திடலாயிற்று. முதலாளியின் பெயர் சாலையில் நிற்கின்றது. தொழிலாளியின் லயம் மண்ணுக்கு அடியில் போயிற்று. ஷாம்பெய்ன் வட்டாரத்து உழவன் பேரன் தாத்தாவின் கொடியை இன்றும் கவாத்து செய்கின்றான். நம் பேரன் தாத்தா மரம் வெட்டிய இடத்தில் வண்டி நிறுத்தக் காசு கட்டுகின்றான். இரண்டும் ஒரே வகைத் தோட்டம் என்று இனியும் சொல்வீர்களா?

மரமேறியின் கலை பாரம்பரியம் இல்லையா என்று கேட்டால், ஆம், பாரம்பரியமே. ஒரு நாளில் இத்தனை மரம், மழையிலும் வழுக்காமல் ஏறி இறங்கிய கால்கள், பாளையைத் தட்டும் ஓசையிலேயே பதம் அறியும் காது. இவை அரிய கல்வி. அதைப் பதிவு செய்யுங்கள். அந்த முதியவர்களைத் தேடிப் பேச வையுங்கள். கத்தியையும் கலயத்தையும் காட்சிக்கு வையுங்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இனிப்பு நீரை இறக்கிக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். நானே என் வகுப்பை அழைத்து வருகின்றேன். மரமேறி வேறு, கடை வேறு. மரமேறியும் அந்தக் கடைக்கு ஓர் அடிமைதான்.

இன்னொரு செய்தி. பட்டியலில் ஏறிய ஷாம்பெய்ன் வட்டாரமும் இன்று தூய்மையானதன்று. 2023 அறுவடையின்போது, பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட கூலியாட்களை மனிதர் தங்கத் தகாத இடத்தில் அடைத்து வைத்து வேலை வாங்கிய வழக்கில், 2025 சூலையில் அங்குள்ள நீதிமன்றம் மூவரை மனிதக் கடத்தல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. உலகப் பாரம்பரியக் குன்றுகளின் மேல் நடந்த லயம் அது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் ஷாம்பெய்ன் நினைவுக்கு வரவில்லை. பெரட்டுக் களம்தான் வந்தது.

நம் நாட்டில் லயங்களில் ஆள் மாறியிருக்கின்றனர். இன்று செம்பனைக் குலை வெட்டுவோரில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தார். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அவர்களுள் பெரும்பாலோர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர். காட்சியகம் அமைக்கும் அன்பர்கள் கள்ளுக்கடைக்கு ஓலை வேய்வதற்கு முன், அந்த ஆண்டு நாளிதழ்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். அதன் பிறகும் பலகைக்கு வாசகம் வேண்டும் என்றால், 1941ஆம் ஆண்டின் கோரிக்கைத் தாளை முழுமையாக, ஒரு வரியும் குறைக்காமல், தமிழிலும் மலாயிலும் எழுதித் தர நான் அணியமாக இருக்கின்றேன்.